ஓல்ட் கோர்ஸ் கிடைக்காதவர்களுக்கு: இரண்டாம் திடல்கள் பற்றி ஓர் அனுபவப் பகிர்வு

மலேசியாவில், கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில் எங்கள் தோட்டப்புறத்தைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள ஓல்ட் கோர்ஸ் என்ற புகழ்பெற்ற பழைய திடலில் கோல்ஃப் ஆட வேண்டும் என்பதற்காகச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து வருகிறார்கள். அவர்களில் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்து, "சார், ஓல்ட் கோர்ஸுக்கு உத்தரவாதமா டிக்கெட் எடுத்துத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார், முன்பணம் கேட்கிறார், கட்டலாமா?" என்று கேட்டார். அதே வாக்குறுதியை நம்பி 8,500 வெள்ளியை இழந்தவன் நான். போவதற்கு முன் யாராவது எனக்கு இவற்றை எடுத்துச் சொல்லியிருந்தால் அந்தப் பணமும், அந்த ஊரில் தனியாக உட்கார்ந்து கலங்கிய நாள்களும் மிஞ்சியிருக்கும். அந்த இளைஞரிடம் சொன்னதை மற்றவர்களுக்கும் பயன்படும்படி விரிவாக எழுதுகிறேன். அந்தப் பயணத்தில் நான் கண்டுகொண்ட நல்ல செய்தி ஒன்றும் உண்டு. புகழ்பெற்ற கிளப்புகளில் எல்லாரும் முண்டியடிக்கும் முதல் திடலுக்குப் பக்கத்திலேயே, அதே மண்ணில், சில இடங்களில் அதே கைகள் அமைத்த இரண்டாம் திடல் ஒன்று இருக்கிறது. எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு, ஆடுவதற்கும் அருமையானது. அதைப் பற்றி நம்மவர்களிடம் யாரும் பேசுவதில்லை.

என் அப்பா காலையில் ரப்பர் மரம் சீவிவிட்டு, மாலையில் துரைமார் கிளப்பில் ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்கும் கேடியாக (caddie) இருந்தவர். தோட்டத்தின் ஒன்பது குழித் திடல் அப்போது பால்மரங்களுக்கு நடுவே இருந்தது. பின்னர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது திடலின் ஓரங்கள் மாறின. கிளப் என்று சொல்லும் பந்தடி மட்டைகள் உடைந்தால் அவற்றுக்குப் புதுப்பிடி சுற்றி எங்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர்கள் அந்தக் கேடிகள்தாம். எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற நம் இனத்தவர் தொழில்முறை ஆட்டக்காரர்களாக நாட்டைப் பிரதிநிதித்த செய்திகளை நாளிதழிலிருந்து வெட்டி வைத்துக்கொண்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அத்தகைய வீட்டிலிருந்து வந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவன், ஆட்டம் பிறந்த மண்ணில் ஒரு முறையாவது ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டதில் வியப்பில்லை. சேமநிதியிலிருந்து ஒரு பகுதியை இதற்கென்றே ஒதுக்கி வைத்தேன். கிளப்பில் என்னுடன் வழக்கமாக ஆடும் நண்பர் ஒருவரும் வருவதாக இருந்தது.

கோலாலம்பூரில் இருந்த அந்தப் பயண முகவரை இன்னொரு நண்பர் வழியாக அறிந்தேன். 2024 ஜூன் மாதத்தில் ஓல்ட் கோர்ஸில் ஓர் ஆட்டம், அதற்குக் கேடி, முன்பதிவுச் சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 8,500 வெள்ளி என்றார். அந்த ஆண்டின் கோடைக்காலக் கட்டணம் 320 பவுண்டு. அன்றைய மாற்று விலையில் இரண்டாயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. மீதித் தொகை எதற்கு என்று கேட்டதற்கு, உறுதியான நேரம் கிடைப்பது அவ்வளவு அரிது, அதற்குத்தான் அந்த விலை என்று விளக்கம் வந்தது. பணத்தை வங்கிக் கணக்குக்கு நேரடியாக மாற்றச் சொன்னார், ரசீதும் தந்தார். புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் நண்பருக்கு இதயக் குழாயில் அடைப்பு என்று தெரியவந்து, மருத்துவர் பயணத்தைத் தடுத்துவிட்டார். அவர் இன்னும் முன்பணம் கட்டியிருக்கவில்லை. நான் முழுத் தொகையும் கட்டியிருந்தேன். "நீ போய்ட்டு வா, நான் அப்புறம் பார்த்துக்கிறேன்" என்று அவர் வற்புறுத்தியதால் தனியாகவே கிளம்பினேன். தனியாகப் போவதால் ஆட்டத்துக்கான நடைமுறையே மாறிவிடும் என்பதை அப்போது எங்கள் இருவரிடமும் யாரும் சொல்லவில்லை.

எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை இரயில், அங்கிருந்து பேருந்து. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருக்குள் இரயில் நிலையம் கிடையாது. அந்தப் பாதையை 1969லேயே மூடிவிட்டார்கள். கனமான கோல்ஃப் பையோடு போகிறவர்கள் இதை நினைவில் வைத்து, பைக்கு அடியில் சக்கரம் உள்ள உறையை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை, ஆட்ட நேரம் என்று முகவர் எழுதித் தந்த தாளை எடுத்துக்கொண்டு பதிவு மேசைக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி கணினியில் என் பெயரைத் தேடினார், எழுத்துக்கூட்டலை மாற்றித் தேடினார், கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்து மறுபடியும் தேடினார். பிறகு மிகுந்த தயக்கத்துடன், என் பெயரில் எந்தப் பதிவும் இல்லை என்றும், நான் காட்டிய முகவர் அவர்களுடைய அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலில் இல்லை என்றும் சொன்னார். எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் சிரித்துப் பேசியபடி ஆட்ட அட்டைகளை வாங்கிக்கொண்டிருந்தது. முகவரின் கைப்பேசி அன்றும் எடுக்கப்படவில்லை, அதற்குப் பின்னும் எடுக்கப்படவில்லை.

இந்த இடத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுகிறவர்கள் நம் அறியாமையைத்தான் முதலாக்குகிறார்கள். அங்குள்ள திடல்கள் தனியார் கிளப் ஒன்றின் சொத்து என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவை பொதுத் திடல்கள். நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் 1974இல் அமைக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் அறநிறுவனம் அவற்றை நிர்வகிக்கிறது. ஓல்ட், நியூ, ஜூபிலி, ஈடன், ஸ்ட்ராத்டைரம், காசல், ஒன்பது குழிகள் கொண்ட பால்கோவ் என மொத்தம் ஏழு திடல்கள். முகவர்களில், ஓல்ட் கோர்ஸில் உறுதியான நேரத்தை முன்கூட்டியே விற்கும் உரிமை சில பயண நிறுவனங்களுக்கு மட்டும் உண்டு. அந்தப் பட்டியலை அறநிறுவனம் தன் இணையத்தளத்தில் வெளியிட்டிருக்கிறது. யாராவது உங்களிடம் "உத்தரவாதம்" என்று சொன்னால், பணத்தைத் தொடும் முன் அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

பணம் கட்டும் முறையும் முக்கியம். கடன் அட்டையில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் தகராறு மனு கொடுத்துத் திரும்பப் பெற வாய்ப்புண்டு. நேரடி வங்கி மாற்றலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உள்ளூர் முகவர் என்றால் சுற்றுலா அமைச்சின் உரிமம் அவரிடம் இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். நான் ஊர் திரும்பியதும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தேன். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கேட்கலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும். எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்குள் முகவரின் அலுவலகம் மூடப்பட்டு வேறு யாரோ கடை வைத்திருந்தார்கள். தீர்ப்புத் தாள் என்னிடம் இருக்கிறது, பணம் இல்லை. அலைந்த நேரத்தையும் பெட்ரோலையும் நான் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. அப்படியிருந்தும் மனு கொடுங்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் பதிவு இருந்தால்தான் அடுத்தவரை எச்சரிக்க முடியும்.

மறுபடியும் அந்த மேசைக்கு வருகிறேன். பெண்மணி எனக்கு இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, இரண்டு நாள்களுக்கு முன்பே பெயர் கொடுக்கும் குலுக்கல். அதில் குறைந்தது இருவர் சேர்ந்து பெயர் கொடுக்க வேண்டும், நான்கு பேர் வரை சேரலாம். தனி ஆளுக்கு இடமில்லை. நண்பர் வராமல் போனதன் விலை எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது, தனி ஆட்டக்காரர்களுக்கான தினசரிக் குலுக்கல். ஆட விரும்பும் நாளுக்கு முந்தைய நாள் நேரில் போய்ப் பெயர் பதிய வேண்டும். மாலையில் தகவல் வரும். நான்கு பேருக்குக் குறைவாக உள்ள குழுக்களில் காலியிடம் இருந்தால் சேர்த்துவிடுவார்கள். முன்பெல்லாம் தனி ஆட்டக்காரர்கள் இரவு முழுவதும் வாசலில் வரிசை பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் கிளப்பில் மூத்த ஒருவர் அப்படித்தான் ஆடிவிட்டு வந்ததாகச் சொல்லி, என்னிடம் தடித்த கம்பளிச் சட்டையை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். 2024இல் அந்த வரிசை முறையை எடுத்துவிட்டார்கள். பழைய தகவலை வைத்துக்கொண்டு போவதில் இப்படியொரு சிக்கல் இருப்பதால், கிளம்பும் வாரத்தில் அறநிறுவனத்தின் தளத்தை மறுபடியும் படித்துக்கொள்ளுங்கள். நான் இங்கே எழுதுவதையும் அப்படியே நம்ப வேண்டாம், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் போய்ப் பெயர் கொடுத்தேன். மாலையில் கைப்பேசி ஒலிக்கும். இன்று இல்லை என்ற செய்தி வரும். கோடையில் அங்கே கூட்டம் அலைமோதும் என்பதால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை, ஆனால் மனம் கேட்கவில்லை. அந்த நாள்களில் பகலெல்லாம் ஓல்ட் கோர்ஸின் முதல் குழிக்கு அருகில் வேலியோரம் நின்று மற்றவர்கள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரவில் மனைவி அழைத்து, "என்னங்க, சாப்பிட்டீங்களா? ஆடியாச்சா?" என்று கேட்பார். ஆடவில்லை என்று சொல்ல மனமில்லாமல், மழை என்று ஒரு நாள் சொன்னேன். மூன்றாயிரம் மைல் இல்லை, ஆறாயிரம் மைலுக்கு மேல் பறந்து வந்து, கையில் பையை வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கசப்பானது என்பதை அனுபவித்தவர்களுக்கே தெரியும். வயதில் மூத்தவன் என்றாலும் ஓர் இரவு அழுதேன்.

என்னைத் தேற்றியவர், என் பெயரைத் தேடிய அதே பெண்மணிதான். பெயர் பதிய நின்றபோது, இன்று மாலை நியூ கோர்ஸில் இருவர் குழுவில் இடம் இருக்கிறது, ஆடுகிறீர்களா என்று கேட்டார். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். மாலை ஐந்தரைக்குத் தொடங்கினாலும் பதினெட்டுக் குழிகளை வெளிச்சத்திலேயே முடிக்கலாம். நம் நாட்டில் ஏழரைக்கெல்லாம் இருட்டிவிடுவதால் இந்த வசதி நமக்குத் தோன்றவே தோன்றாது. பகலில் குலுக்கலுக்காகவோ ஊர் பார்ப்பதற்காகவோ நேரம் போனாலும், மாலையில் ஒரு முழு ஆட்டத்தை வைத்துக்கொள்ள முடியும்.

நியூ கோர்ஸ் என்ற பெயரைக் கேட்டு நேற்று கட்டியது என்று எண்ணிவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஓல்ட் டாம் மோரிஸ் அமைத்து 1895இல் திறக்கப்பட்டது அது. நம் நாட்டின் எந்தத் தோட்டத் திடலை விடவும் மூத்ததாகவே இருக்கும். ஓல்ட் கோர்ஸுக்கு ஒட்டினாற்போல், கடலுக்கு ஒரு படி நெருக்கமாக ஓடுகிறது. முதல் குழியில் பந்தை வைக்கக் குனிந்தபோது புல்லைத் தொட்டுப் பார்த்தேன். நம் திடல்களில் அகன்ற இலைப்புல், அதில் ஈரம், பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். அங்கே புல் முடிபோல் மெல்லியது, அடியில் மணல், விரலால் தட்டினால் தரை கெட்டியாக எதிரொலிக்கிறது. என்னுடன் ஆடிய உள்ளூர்க்காரர்கள் இருவரும், குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்பரப்பாகிய கிரீனுக்கு நாற்பது கஜத்துக்கு முன்பே பந்தைத் தாழ்வாக இறக்கி உருளவிட்டார்கள். நான் பழக்கப்படி உயரமாகத் தூக்கி அடித்த பந்துகளைக் காற்று எங்கோ கொண்டுபோனது. நான்காம் குழியில், அவர்களில் மூத்தவர் என் கையிலிருந்த, பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, ஏழாம் எண் கிளப்பை எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு ஆட்டமே மாறியது. கரடுமுரடான நிலத்தில் எந்த மேட்டில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே பார்த்து, பந்தை உருட்டிக் கொண்டுபோவது, அப்பாவும் அவர் தோழர்களும் காய்ந்த மாதங்களில் தோட்டத்துத் திடலில் ஆடிய ஆட்டம்.

ஓல்ட் கோர்ஸின் தனிச்சிறப்பு என்று சொல்லப்படும் இரட்டைக் கிரீன் நியூ கோர்ஸிலும் உண்டு; மூன்றாம் குழியும் பதினைந்தாம் குழியும் ஒரே கிரீனைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்பதாம் குழி ஈடன் ஆற்று முகத்துவாரத்தின் ஓரமாகச் செல்லும் நீண்ட பார் 3, அதாவது மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குழி. அன்று மாலை காற்று எதிரில் அடித்தது. மிக நீண்ட கிளப்பை எடுத்தும் பந்து கிரீனின் விளிம்பைத்தான் தொட்டது, பிறகு மெல்ல உருண்டு உள்ளே போனது. பத்தாம் குழி இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே நெளிந்து போகிறது. இரு பக்கமும் மஞ்சள் பூப்பூக்கும் கார்ஸ் (gorse) என்ற முட்புதர். உள்ளே போன பந்தை மறந்துவிட வேண்டும், கையை விட்டால் கிழித்துவிடும். என்னுடன் வந்த மூத்தவர், ஓல்டில் ஆடுவதை விட நியூவில் ஆடுவதையே தாம் விரும்புவதாகச் சொன்னார். ஓல்டில் பல பங்கர்கள், அதாவது மணற்குழிகள், அடிக்கும் இடத்திலிருந்து தெரியாது. முதன்முறை வருபவர் கேடி சொல்வதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டும். நியூவில் ஒவ்வொரு குழியும் தன்னை முன்கூட்டியே காட்டிவிடுகிறது, தவறினால் ஏன் தவறியது என்று நமக்கே தெரிகிறது. ஒரே ஒரு முறை மட்டும் ஆடக் கிடைக்கிற வெளியூர்க்காரருக்கு இந்தத் தெளிவு பெரிய வரம். கட்டணமோ ஓல்டில் பாதிகூட இல்லை.

மறுநாள் ஜூபிலியில் ஆடினேன். விக்டோரியா அரசியின் வைர விழா ஆண்டான 1897இல், பெண்களுக்கும் புதியவர்களுக்கும் என்று பன்னிரண்டு குழிகளோடு தொடங்கிய திடல் அது. 1905இல் பதினெட்டாக நீட்டி, 1988இல் டொனால்ட் ஸ்டீல் என்பவர் முழுவதுமாகத் திருத்தியமைத்தார். இன்று அந்த ஊரின் கடினமான திடல் என்று பெயர் வாங்கியிருப்பது இதுதான். கடலுக்கு மிக அருகில் இருப்பதால் காற்று விடுவதில்லை. ஹேண்டிகேப், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண் (குறைந்தால் சிறந்தவர்), இருபதுக்கு மேல் உள்ளவர்கள் இதைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. நான் அன்று இழந்த பந்துகளை எண்ணிப் பார்க்க விரும்பவில்லை. ஈடன் அதற்கு நேர்மாறானது. ஹாரி கோல்ட் என்ற திடல் வடிவமைப்பாளர் 1914இல் அமைத்தது. நீளம் குறைவு, ஆனால் கிரீன்களின் ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றும் சிந்திக்க வைக்கிறது. வயதானவர்களுக்கும், நெடும்பயணக் களைப்போடு முதல் ஆட்டம் ஆடுகிறவர்களுக்கும் ஈடனையே பரிந்துரைப்பேன். ஸ்ட்ராத்டைரம் சமதளமானது, எளிது. பிள்ளைகளோடு போனால் சரி. 2008இல் திறந்த காசல் கோர்ஸ் ஊருக்கு வெளியே பாறை முகட்டில் இருக்கிறது. காட்சி அழகுதான், ஆனால் அது பழைய மணல்நிலம் இல்லை. இந்த ஊருக்கு வந்ததன் பொருளை நான் நியூவிலும் ஈடனிலும்தான் கண்டேன்.

ஒரு நாள் இரயிலேறி டண்டீ வழியாகக் கார்னூஸ்டிக்கும் போனேன். அங்கேயும் எல்லாரும் சாம்பியன்ஷிப் திடலையே கேட்கிறார்கள். நான் பர்ன்சைடு திடலில் ஆடினேன். அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் 1953இல் தம் வாழ்வில் ஒரே முறை ஓப்பன் என்ற பிரிட்டனின் பெரும் போட்டிக்கு வந்து கோப்பையை வென்றது இந்த ஊரில்தான். அந்தக் காலத்தில் எப்படிப்பட்டவரும் தகுதிச்சுற்று ஆட வேண்டும்; அந்தச் சுற்றின் ஒரு பகுதி பர்ன்சைடில் நடந்தது. ஹோகன் நடந்த நிலத்தில் நானும் நடந்தேன், அதற்கு முன்பணம் வாங்கும் முகவர் யாரும் தேவைப்படவில்லை. சாம்பியன்ஷிப் திடலில் பலரை அழவைத்த பேரி ஓடை பர்ன்சைடிலும் குறுக்கே வருகிறது.

ஊர் திரும்பிய பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். ஒரு திடலின் புகழ் பெரும்பாலும் பெரிய போட்டிகளால் வருகிறது. போட்டி நடத்த அதிக நீளம் வேண்டும், பார்வையாளர்கள் நிற்க இடம் வேண்டும், கூடாரங்களுக்கும் வாகனங்களுக்கும் வெளி வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தொலைக்காட்சி வராது, பெயரும் வராது. ஆனால் சாதாரண ஆட்டக்காரரின் இன்பத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. இங்கிலாந்தின் சன்னிங்டேலில் ஓல்ட் திடல் 1901இல் வந்தது, வில்லி பார்க் அமைத்தது. 1923இல் வந்த நியூ திடலைச் செய்தவர் ஈடனை அமைத்த அதே ஹாரி கோல்ட். அயர்லாந்தின் வடக்கே ராயல் போர்ட்ரஷ்ஷில் 2019 ஓப்பனுக்காக டன்லூஸ் திடலில் இரண்டு புதிய குழிகள் சேர்த்தார்கள். அந்த நிலம் பக்கத்திலிருந்த வேல்லி திடலிலிருந்து எடுத்தது. இரண்டாம் திடலின் மண் முதல் திடலின் ஏழாம் குழியும் எட்டாம் குழியும் ஆகிவிட்டது என்றால், அந்த மண்ணின் தரத்துக்கு வேறு சான்று வேண்டுமா? ஆஸ்திரேலியாவின் ராயல் மெல்பர்னில் பெரிய போட்டிகளுக்கு மேற்குத் திடலின் பன்னிரண்டு குழிகளையும் கிழக்குத் திடலின் ஆறு குழிகளையும் சேர்த்து ஒரு கலவைத் திடலாக ஆடுகிறார்கள். நியூயார்க் அருகே பெத்பேஜ் அரசுப் பூங்காவில் பிளாக் திடலுக்கு விடியுமுன் வரிசை நிற்கிறவர்கள், அதற்கு ஓராண்டு முன்னதாக 1935இல் திறந்த ரெட் திடலைக் கண்டுகொள்வதில்லை.

எல்லா இரண்டாம் திடலும் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் அது மிச்ச நிலத்தில் ஒப்புக்குப் போட்டதாக இருக்கும். அமைத்தவர் யார், எந்த ஆண்டு, முதல் திடலோடு ஒரே மண்ணா, உள்ளூர் உறுப்பினர்கள் எதில் ஆடுகிறார்கள் என்று விசாரித்தால் போதும். கடைசிக் கேள்விக்கான விடைதான் எனக்குப் பெரிதும் பயன்பட்டது.

அவ்வளவு தூரம் போக வசதியில்லாதவர்கள் இந்தக் கண்ணோட்டத்தை நம் பக்கத்திலேயே பழகிப் பார்க்கலாம். சிங்கப்பூரின் செந்தோசாவில் செராபோங் திடலைத்தான் எல்லாரும் பேசுவார்கள். ஆனால் உலகின் முன்னணிப் பெண் ஆட்டக்காரர்கள் கூடும் போட்டி 2017 முதல் தஞ்சோங் திடலில் நடந்து வருகிறது. சுபாங் அருகே சௌஜானாவில் பாம் திடலுக்கு நாகம் என்ற பட்டப்பெயர், போட்டிகளால் வந்த புகழ். பக்கத்திலுள்ள புங்கா ராயா திடலுக்கு முதலை என்று பெயர். என் அனுபவத்தில் புங்கா ராயாவில் நீரைத் தாண்டி அடிப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சி குறைந்ததில்லை. 1893இல் தோன்றிய ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப்பிலும் ஓல்ட், நியூ என்று இரண்டு பதினெட்டுக் குழித் திடல்கள் உண்டு. அங்கே உறுப்பினர் ஒருவர் அழைத்துச் செல்ல வேண்டும்.

இனி, போகத் திட்டமிடுகிற இளைஞர்களுக்கு நான் சொன்ன ஏற்பாட்டை எழுதுகிறேன். முதலில் நியூவுக்கும் ஈடனுக்கும் அறநிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாக முன்பதிவு செய்து, அதற்கேற்பப் பயணச்சீட்டு எடுங்கள். ஓல்ட் கோர்ஸைக் கிடைத்தால் ஆடுவோம் என்ற நிலையில் வையுங்கள். இருவராகவோ நால்வராகவோ போனால் தினமும் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். கிடைக்கிற வாய்ப்பைப் பெருக்க அங்கே தங்கும் நாள்களைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமையைக் குலுக்கல் நாளாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். வழக்கமாக அன்று ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது; ஊர்மக்கள் நாயோடும் பிள்ளைகளோடும் அதன் மேல் உலாவுகிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு ஞாயிறன்று முதல் குழியிலிருந்து கடைசிக் குழி வரை நடந்து, ஸ்வில்கன் பாலத்தின் மேல் நின்று, பதினேழாம் குழியின் பங்கரைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். கட்டணம் எதுவும் இல்லை. ஓல்ட் கோர்ஸில் ஆட எனக்கு வாய்ப்பு வரவே இல்லை, அந்த வருத்தம் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

தங்குவதற்கு, பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிகளைக் கோடை விடுமுறையில் வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஓட்டல்களை விடக் கணிசமாகக் குறைவு, திடலுக்கு நடந்தே போகலாம். நான் இதை அங்கே போன பின்தான் அறிந்தேன். ஓட்டலுக்கு அதற்குள் பணம் கட்டியாகிவிட்டது. ஜூன் மாதமானாலும் மழைச் சட்டை, காற்றுத் தாங்கும் மேற்சட்டை, ஈரம் புகாத காலணி கட்டாயம் வேண்டும். அங்கே பெரும்பாலும் நடந்துதான் ஆடுவார்கள். பக்கி என்ற சிறு வண்டியில் ஏறிப் பழகிய நம்மவர்கள் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே தோட்டத்துத் திடலில் பையைத் தோளில் போட்டு நடந்து பழகுவது நல்லது. அடிக்கும்போது பந்தைத் தாழ்வாக விட்டு உருட்டவும் பழகுங்கள். காய்ந்த பிப்ரவரி மாதம் கெடாவில் அதற்கு மிகவும் ஏற்றது.

இன்னொன்று, ஹேண்டிகேப் சான்று. ஓல்ட் கோர்ஸில் அதைக் கேட்பார்கள். 2020 முதல் உலகம் முழுவதும் ஒரே ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்திருப்பதால், நம் கிளப் வழியாகப் பெறும் பதிவு அங்கேயும் செல்லும். ஆனால் எங்கள் தோட்டத்துத் திடல் போன்ற சிறிய இடங்களில் ஆடுகிறவர்கள் பலர் எந்தக் கிளப்பிலும் பதிந்திருக்க மாட்டார்கள். அவர்கள் சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ உள்ள ஒரு கிளப்பில் இப்போதே உறுப்பினராகி, ஆட்ட அட்டைகளை ஒழுங்காகச் சமர்ப்பித்து வர வேண்டும். என்னிடம் வந்த இளைஞர் முகவருக்குப் பணம் கட்டவில்லை. நால்வரும் சேர்ந்து நியூ கோர்ஸுக்கும் ஈடனுக்கும் நேரடியாகப் பதியப் போகிறார்கள். இதய சிகிச்சை முடிந்து தேறிவிட்ட என் நண்பர், மருத்துவர் அனுமதித்தால் தாமும் அவர்களோடு போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் ஐந்தாவது ஆள் என்பதால் இரண்டு குழுக்களாகப் பிரிந்துதான் குலுக்கலில் பெயர் கொடுக்க முடியும். மூவர் ஒரு குழு, இருவர் ஒரு குழு என்று இப்போதே பிரித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.